சட்டை திருடியவர் சிக்கினால்... அடியா, மன்னிப்பா?

தீபாவளி நெருங்கினால் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலை ஜவுளிக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டையைச் சுருட்டியவர் பிடிபட்டால், முதலில் விழுவது தர்ம அடிதான்.

அது எங்கே போய் முடியும்? 2018-ல் கேரள மாநிலம் அட்டப்பாடியில், அரிசி திருடியதாகச் சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரைக் கும்பல் அடித்ததில் அவர் உயிரே போனது. 2023-ல் 13 பேருக்கு 7 ஆண்டு சிறை.

சட்டமே இரக்கத்துக்கு இடம் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி, 5,000 ரூபாய்க்கும் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சிறை அல்ல, சமூக சேவை.

பொருள் கைக்கு வந்தபின் எச்சரித்து அனுப்புவதா, போலீஸுக்குச் சொல்வதா என்பது கடைக்காரரின் மனசு. அடிக்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.