அடுப்பங்கரை காத்த திருநாள்கள்

யப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவுகள் ஒருகாலத்தில் ரியூக்கியூ என்னும் தனியரசாக விளங்கின. 1879ஆம் ஆண்டு யப்பான் அவ்வரசை நீக்கி, அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரசு மறைந்தபோதும் அம்மக்களின் பருவகால விழாக்கள் மறையவில்லை. அவற்றைக் காத்ததில் அடுப்பங்கரைக்குப் பெரும் பங்குண்டு.

ஏப்ரல் மாதத்து ஷீமீ விழாவிலே குடும்பத்தார் முன்னோரின் கல்லறை முற்றத்தில் ஒன்றுகூடுவர். பன்றியிறைச்சி, தோபு எனும் சோயாக்கட்டி, கடற்பாசி, அரிசிமாப் பண்டம் முதலியவற்றை அடுக்குப் பெட்டிகளில் வைத்துப் படைத்து, அவ்விடத்திலேயே பகிர்ந்துண்பர்.

சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் முன்னோர் மூன்று நாள் வீட்டுக்கு வருவர் என்பது நம்பிக்கை. முதல்நாள் இஞ்சித்தழை சேர்த்த சோறு படைப்பர். அவர்கள் திரும்பிச் செல்லும்போது ஊன்றுகோலாகட்டும் என்று கரும்பும் வைப்பர்.

பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் முச்சித் திருநாள். பிசைந்த அரிசிமாவை இஞ்சி இனத்தைச் சேர்ந்த வாசனை இலையிற் சுற்றி அவிப்பர். பிள்ளைகள் நோயின்றி வளரவேண்டி, அவரவர் வயதின் எண்ணிக்கைக்கேற்ப அவற்றைக் கட்டித் தொங்கவிடுவர்.

1945ஆம் ஆண்டுப் போர் இத்தீவுகளைச் சுடுகாடாக்கியது. விழாச் சமையலுக்கு இன்றியமையாத பன்றிகளும் பெரும்பாலும் அழிந்தன. அவ்வேளை, ஹவாயிற் குடியேறியிருந்த ஒக்கினாவா மக்கள் பணம் திரட்டி, 1948இல் ஏறத்தாழ 550 பன்றிகளைக் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். தூரதேசத்தில் வாழ்ந்தோர் ஊரின் அடுப்பை மீண்டும் மூட்டிய வரலாறு இது.

ஆயினும், உணவு பிழைத்த அளவுக்கு அவர்களின் மொழி பிழைக்கவில்லை. பாடசாலையில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்திலே தண்டனையாக மரப்பலகை மாட்டிய காலமொன்று அங்கிருந்தது. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஒக்கினாவா மொழியை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளுள் ஒன்றாகக் குறித்தது. முச்சியை விரும்பியுண்ணும் சிறுவர் பலருக்குப் பாட்டனார் பேசிய மொழி விளங்குவதில்லை.

அன்பான பெற்றோரே, இவ்வரலாற்றில் நமக்கும் பாடமுண்டு. தைப்பொங்கலன்று நம் வீடுகளிற் பானை தவறாது பொங்கும். அதனருகே நிற்கும் பிள்ளைக்கு அகப்பை, புத்தரிசி, சர்க்கரை என ஒவ்வொன்றையும் தமிழிலே பெயர்சொல்லிக் கொடுப்போம். ஏன் பொங்குகிறோம் என்பதையும் தமிழிலேயே விளக்குவோம். மாணவச் செல்வங்களே, நீங்களும் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். பொங்கலின் சுவை உங்கள் நாவில் தானே தங்கிவிடும். மொழியோ நாம் பேசினாலன்றித் தங்காது.