இடுப்பு வளையும் இரும்பு ராட்சதன்!

இரண்டு கிரிக்கெட் பிட்ச்களை நீளவாக்கில் ஒட்டிப் போட்டால் 44 கெஜம் வரும். அதைவிடவும் கொஞ்சம் நீளமான ரயில் இன்ஜின் ஒன்று இருக்கிறது. பெட்டிகளைச் சேர்க்காமல், இன்ஜினும் அதன் பின்னால் நிலக்கரி, தண்ணீர் சுமந்துவரும் டெண்டரும் மட்டுமே 132 அடி 9 அங்குலம்! எடை, ஏறக்குறைய 540 டன். பெயர், 'பிக் பாய்'.

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்குத் தீராத தலைவலி, வசாட்ச் மலை. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரிலிருந்து கிழக்கே போகும் பாதையில் 100 மீட்டருக்கு 1.14 மீட்டர் ஏற்றம். கேட்கச் சின்னதுதான். ஆனால், 3,000 டன்னுக்கு மேல் எடையுள்ள சரக்கு ரயிலுக்குத் துணை இன்ஜின் இல்லாமல் முடியாது. அந்தத் துணையே தேவைப்படாத இன்ஜினைக் கேட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஆல்கோ தொழிற்சாலை 1941 முதல் 1944 வரை 25 இன்ஜின்களைச் செய்து கொடுத்தது. 'வசாட்ச்' என்றுதான் பெயர் வைப்பதாக இருந்தார்களாம். யாரோ ஒரு தொழிலாளி முன்பக்கத்தில் சாக்பீஸால் 'பிக் பாய்' என்று எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டது.

சரி, இவ்வளவு நீள இன்ஜின் வளைவில் எப்படித் திரும்பும்? 16 இயக்கு சக்கரங்களையும் ஒரே சட்டத்தில் இறுக்கினால் திரும்பவே திரும்பாது. அதனால், எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு சட்டங்களில் பொருத்தினார்கள். பின்சட்டம் கொதிகலனோடு அசையாமல் இணைந்திருக்கும். முன்சட்டம் மட்டும் கதவுக் கீல் போல இடமும் வலமும் திரும்பும். கொதிகலன் வளையாது. வளைவில் சக்கரங்கள் தண்டவாளத்தோடு போக, கொதிகலனின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பக்க சிலிண்டர்களுக்கு நீராவி கொண்டுபோகும் குழாய்களுக்கும் அசைந்து கொடுக்கும் மூட்டுகள் உண்டு.

இதே இன்ஜினைப் பொம்மை ரயிலாகச் செய்தவர்களுக்கு வேறு சிக்கல். 'எச்.ஓ' எனப்படும் 87-ல் ஒரு பங்கு அளவில் இதன் நீளம் சுமார் 46 சென்டிமீட்டர். பள்ளி ஸ்கேலில் ஒன்றரை. வீட்டு மேஜையில் பலரும் போடும் வளைவின் ஆரம் 18 அங்குலம். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 40 மீட்டர்தான் வரும்! தன் நீளமே ஆரமாக உள்ள வட்டத்தில் அசல் இன்ஜினால் திரும்பவே முடியாது. எனவே, பல மாடல்களில் பின்சட்டத்தையும் சேர்த்தே திரும்ப வைத்துவிட்டார்கள். அழகான ஏமாற்று! ஆனாலும் அந்த மூக்கு பாதையோரத்து சிக்னல் கம்பங்களைத் தட்டிவிடும். வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் வளைவை அளந்துகொள்வது நல்லது.

டீசல் இன்ஜின்கள் வந்தபின், 1959-ல் பிக் பாய்களின் சரக்கு ஓட்டம் நின்றது. தப்பியவை எட்டு. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அது ஓடுவதைப் பார்க்க மேஜை மாடல்தான் கதி.

2013-ல் ஒரு திருப்பம். கலிபோர்னியாவின் பொமோனா அருங்காட்சியகத்தில் நின்ற 4014 எண் இன்ஜினை யூனியன் பசிபிக்கே திரும்ப வாங்கியது. வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரப் பணிமனைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துச் சீரமைத்தார்கள். 2019 மே மாதம், அமெரிக்காவின் கண்டம் கடக்கும் ரயில் பாதைக்கு 150 வயது நிறைந்தபோது, அது மீண்டும் ஆக்டனுக்கு ஓடிவந்தது.

இதிலும் ஒரு சமரசம் உண்டு. இப்போது எரிப்பது நிலக்கரி அல்ல, எண்ணெய். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நிலக்கரிக்காகவே கட்டப்பட்ட மற்ற ஏழும் காட்சிப்பொருளாக அசையாமல் நிற்கின்றன.