108 துண்டுப் பெட்டி எதற்கு? 10, 12, 14 போதும்!

கூலாய், சாலேங், செனாய் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வீட்டு போர்ச்சில் கார் பானெட் திறந்திருக்கும். பெரும்பாலும் பழைய கஞ்சில், பழைய சாகா அல்லது முதல் தலைமுறை மைவி. அப்பா ஓட்டி முடித்த கார் இப்போது பிள்ளையின் கையில். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரவும், பகுதிநேர வேலைக்கு ஓடவும் அதுதான் வாகனம். சம்பளம் இல்லாத வயதில் பட்டறைச் செலவு நெஞ்சை அடைக்கும். எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது, ஏர் பில்டர் மாற்றுவது, பேட்டரி கழற்றி மாட்டுவது போன்ற வேலைகளை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் வரிசை வீட்டுப் பையன்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, கையில 200 வெள்ளி இருக்கு. எந்த டூல் செட் வாங்கலாம்?" நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். உன் காரில் எத்தனை அளவு நட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாயா?

யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை ஒட்டி உருவானது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சு மீராவின் வழித்தோன்றல். 2005இல் வந்த மைவிக்கும் மூலம் டைஹாட்சுதான். நம் நாட்டுக் கார்களின் உடம்பில் ஓடுவது ஜப்பானியத் தர அளவு. அந்த முறையில் 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 10 மி.மீ., 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 12 மி.மீ., 10 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 14 மி.மீ. என்பது பொது வழக்கம். பேட்டரி முனைக்கு 10. எஞ்சினைச் சுற்றி உள்ள பல பிடிப்பான்களுக்கு 10, 12. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு 14 அல்லது 17. டயர் நட்டுக்குப் பெரும்பாலும் 21 அல்லது 19. வீட்டில் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி இந்த ஆறு எண்களுக்குள் முடிந்துவிடும்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 13. நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலைகளும் அதிகம். புரோட்டோன் சவ்வி நம் நாட்டுக் கார்தான் என்றாலும் அதன் எஞ்சின் ரெனோ நிறுவனத்துடையது. அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பானெட்டைத் திறந்து, யாரிடமாவது ஒரு சாக்கெட் கடன் வாங்கி, எந்த அளவு எங்கே பொருந்துகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. அந்தத் தாள்தான் உங்கள் கடைப் பட்டியல்.

இப்போது அந்த 108 துண்டுப் பெட்டிக்கு வருவோம். இணையத்தில் அது பளபளவென்று மின்னும். விலையும் கைக்கு எட்டும். ஆனால் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனைகள். மீதியில் 4, 4.5, 5.5 மி.மீ. சாக்கெட்டுகள். காரில் அவற்றுக்கு வேலை கிடையாது. உங்களுக்கு உண்மையில் வேண்டிய 10, 12, 14 மூன்றும் அந்தப் பெட்டியில் மெலிந்த சுவரும் மிருதுவான உலோகமுமாக இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மாணவன் அப்படி ஒரு பெட்டி வாங்கினான். எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டித் திருகினான். சாக்கெட் சற்று விரிந்து வழுக்கியது. போல்ட் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிப் போயின. பிறகு பட்டறைக்காரர் மழுங்கிய தலையின்மேல் இன்னொரு நட்டை வைத்துப் பற்றவைத்துத்தான் அதைக் கழற்ற முடிந்தது. அந்தக் கூலியும் புதுப் போல்ட்டும் சேர்ந்து பெட்டியின் விலையைத் தாண்டிவிட்டன. மலிவுக் கருவியின் உண்மையான விலை அதன் சீட்டில் இருப்பதில்லை. அது கெடுத்து வைக்கும் போல்ட்டில் இருக்கிறது.

மழுங்குவதற்குக் காரணம் உலோகம் மட்டும் அல்ல. சாக்கெட்டின் உட்புறத்தைப் பாருங்கள். சிலவற்றில் ஆறு மூலை, சிலவற்றில் பன்னிரண்டு. பன்னிரண்டு மூலைச் சாக்கெட்டைச் சீக்கிரம் மாட்டலாம், ஆனால் அது போல்ட்டின் கூர்மூலையைத்தான் பிடிக்கும். ஆறு மூலைச் சாக்கெட் தட்டையான பக்கங்களில் அழுத்தும். பழைய காரில், துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு, ஆறு மூலைதான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கைப்பிடியில் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். குரோமியமும் வனேடியமும் சேர்ந்த எஃகு நல்ல எஃகுதான். ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் அதே எஃகு சோப்பு மாதிரி தேயும், இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். நான் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் 12 மி.மீ. தலையுள்ள ஒரு போல்ட்டை எடுத்துப்போவேன். சாக்கெட்டை அதில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் குறைவாக இருந்தால் வாங்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். இந்தச் சோதனை இணையத்தில் நடக்காது. அதனால்தான் முதல் சாக்கெட்டுகளை ஹார்ட்வேர் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். தைவானில் கைக்கருவித் தொழில் தைச்சுங் நகரைச் சுற்றி வளர்ந்தது. கிங் டோனி, டாப்டுல் போன்ற பெயர்கள் அங்கிருந்து வருபவை. ஜப்பானியக் கருவிகளைவிட விலை குறைவு, வீட்டு உபயோகத்துக்குத் தரம் தாராளம். அவற்றைச் செட்டாக வாங்காமல் தனித்தனியாகவும் வாங்கலாம் என்பதுதான் மாணவர்களுக்கு வசதி.

சாக்கெட்டை மாட்டித் திருப்பும் ராட்செட்டின் சதுர முனை, மில்லிமீட்டர் கருவிகளிலும் அங்குலத்தில்தான் இருக்கும்: கால், முக்கால் அரைக்கால் இல்லை, எட்டில் மூன்று, அரை. வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் எட்டில் மூன்று அங்குலம் வாங்குங்கள். பிளக்குக்கும் போதும், எண்ணெய் போல்ட்டுக்கும் போதும். ராட்செட்டில் பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை 15 பாகை நகர்த்தியாக வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். கஞ்சிலின் எஞ்சின் அறைக்குள் கையை விட்டவர்களுக்கு அந்த 10 பாகையின் அருமை தெரியும். ஒரே கைப்பிடியில் பல சாக்கெட்டுகளை மாற்றி மாட்டும் இந்த யோசனையை அமெரிக்காவில் 1920இல் ஜோசப் ஜான்சன் வியாபாரமாக்கினார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்னாப்-ஆன் நிறுவனம். மாணவர் அதன் விலைப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை. அது நாள் முழுக்கக் கருவியைப் பிடித்துப் பிழைப்பவர்களுக்கானது.

ஸ்க்ரூ டிரைவரில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கூட்டல் குறித் தலை எல்லாம் ஒன்று அல்ல. அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸின் பெயரில் 1930களில் பரவியது ஒரு வகை. ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பிலிப்ஸ் முனையை ஜப்பானியத் திருகில் வைத்து அழுத்தித் திருகினால் அது மேலே எழும்பி நழுவும், திருகின் தலை கிழியும். ஜே.ஐ.எஸ். முனை இரண்டு வகைத் திருகிலும் நன்றாகவே உட்காரும். ஆகவே 2ஆம் எண் ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கினால் போதும். ஒசாகாவின் வெசல் நிறுவனத்துடையது நல்ல பெயர் எடுத்தது, ஆளையே விழுங்கும் விலையும் கிடையாது.

அடுத்து, இறுக்குவது. நம் பிள்ளைகள் இயற்பியலில் படிக்கும் கணக்குத்தான். 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் போல்ட்டுக்குப் போவது 40 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. தலையுள்ள சிறு போல்ட் தாங்குவதோ சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். மீறினால் மரை போய்விடும், இல்லாவிட்டால் போல்ட் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். 10 மி.மீ. ஸ்பானரைக் குட்டையாகவும் 17 மி.மீ. ஸ்பானரை நீளமாகவும் செய்வதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. சிறியதில் குழாய் சொருகி நீட்டினால் அந்தப் பாதுகாப்பையும் நாமே கெடுக்கிறோம்.

டயர் நட்டுக்கு மட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். சின்னக் கார்களில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியைத் தனியாக வாங்க வேண்டாம். மாதத்தில் ஒருநாள்கூட அதற்கு வேலை இருக்காது. எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து ஒன்று வாங்கியிருக்கிறோம். நிபந்தனை இரண்டுதான்: அதை வைத்து எதையும் கழற்றக் கூடாது, திருப்பித் தரும்போது அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கிவிட வேண்டும். உள்ளே உள்ள ஸ்பிரிங் இறுகியே கிடந்தால் எண் பொய் சொல்லத் தொடங்கும்.

இதுவரை சொன்னதில் தவறினால் பணம் போகும். இனிச் சொல்வதில் தவறினால் உயிர் போகும்.

காருடன் வரும் ஜாக், டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பிக் காரின் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஒரு மைவி சுமார் ஒரு டன் எடை. ஜாக் சரிய ஒரு நொடி போதும். அடியில் போகிற வேலை என்றால் ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி கட்டாயம். 200 வெள்ளியில் முதலில் ஒதுக்க வேண்டிய பணம் இதுதான். அதற்குப் பணம் போதவில்லையா, எண்ணெய் மாற்றும் வேலையைப் பட்டறைக்கே விட்டுவிட்டு, பிளக், பில்டர், பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஜாக் ஸ்டாண்ட் வாங்கும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள்: காலும் கழுத்தும் சேரும் பற்றவைப்பு, தண்டின் பல்லைப் பிடிக்கும் கொக்கி. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் 2020இல் லட்சக்கணக்கான ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் ஏறியிருக்கும்போது கொக்கி பல்லை விட்டு நழுவக்கூடும் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றின் பற்றவைப்பிலும் குறை வந்தது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே அப்படி என்றால், பெயரே இல்லாத பொருளை இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகும், கழற்றிய ஸ்பேர் டயரைக் காரின் பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில் படுக்க வைப்பது என் வழக்கம். செலவில்லாத இரண்டாவது காவல்.

நம் வரிசை வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மழைநீர் வடிவதற்காக போர்ச் தரை பெரும்பாலும் வாய்க்கால் பக்கம் சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக் குண்டை உருட்டிப் பாருங்கள், தெரியும். சாய்ந்த தரையில் காரைத் தூக்கினால் அது உருளப் பார்க்கும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்குப் பலன் இல்லை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டை அடை கொடுங்கள். சாய்வு அதிகம் என்றால் அந்த இடத்தில் தூக்கவே வேண்டாம்.

சேமிக்க வேண்டிய இடங்களும் நிறைய உண்டு. எண்ணெய் பிடிக்கும் தட்டு, புனல், கையுறை, காந்தத் தட்டு, டார்ச் லைட் எல்லாம் மலிவுக் கடையிலேயே வாங்கலாம். உடைந்தால் உடைந்தது. சுத்தியலும் அப்படியே. ரிங் ஸ்பானர்களைப் பழைய பொருள் சந்தையில் தேடலாம். நகரும் பாகம் எதுவும் இல்லாத கருவி என்பதால் மூலை தேயாமலும் வளையாமலும் இருந்தால் இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும். ராட்செட்டையும் டார்க் ரெஞ்சையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு வாகனத் துறைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியத் திறன் சான்றிதழ் எனப்படும் எஸ்.கே.எம்.மில் முதல் மூன்று நிலைகளை முடித்தால், நான்காம் நிலையில் திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா என்று ஏறிப் போகலாம். பயிற்சிக்குப் போகும் முன்பே பெரிய பெட்டி வாங்கிவிடாதீர்கள். பயிற்சிக்கூடத்தில் கருவிகள் இருக்கும். ஆறு மாதம் வேலை செய்த பிறகு எது அடிக்கடி கைக்கு வருகிறது என்று தெரியும். அதை முதலில் நல்ல தரத்தில் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, கூலாய் மழைக்கும் ஈரத்துக்கும் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிய துணியால் மீண்டும் ஒருமுறை தேய்த்து வையுங்கள். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் அது அட்டவணைக் கழிவு. புது எண்ணெய் வந்த அதே புட்டியில் ஊற்றி மூடி, பக்கத்துப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். தங்கள் எண்ணெயோடு சேர்த்து அனுப்ப அவர்களிடம் பீப்பாய் இருக்கும்.