நொய்யல்ல கலந்த உப்புக்கு யார் காசு கொடுக்கணும்?

"உலகளாவிய சுற்றுச்சூழல் ஆளுகை"ன்னு சொன்னாலே எனக்கு ஞாபகம் வர்றது நீளமான மேசை, கோட்டு போட்டவங்க, கடைசியில ஒரு குரூப் போட்டோ. ஆனா அப்படி ஒரு மாநாட்டுல எழுதின ஒரு வரி, மண்ணரை பக்கம் ஓடுற நொய்யல் வரைக்கும் வந்து சாயப்பட்டறைகளை மூட வச்சிருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1992-ல ரியோ டி ஜெனிரோவுல ஐ.நா. மாநாடு. அங்க வந்த பிரகடனத்தோட 16-வது கொள்கை: மாசுபடுத்துறவங்களே அதுக்கான செலவை ஏத்துக்கணும். கேக்க நல்லா இருக்கு. ஆனா அது வெறும் பிரகடனம், மீறினா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

அதே காலகட்டத்துலதான் திருப்பூருக்குக் கீழ, நொய்யல் குறுக்க ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிச்சாங்க. பாசனத்துக்கு. தேங்கினது என்னவோ சாயத்தண்ணி. எல்லாரும் ஆத்தோட கலரைத்தான் பேசுவாங்க, ஆனா நிஜ வில்லன் உப்பு. பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பைக் கொட்டணும். சாயம் துணியில பிடிச்சுக்கும், உப்பு அப்படியே கழிவுத்தண்ணியில வெளிய வந்துடும். கலரை எடுக்கறது ஓரளவு சுலபம், கரைஞ்ச உப்பை எடுக்கறதுதான் பெரும்பாடு. அது கிணத்துலயும் மண்ணுலயும் இறங்கிடுச்சு. அணையைத் திறந்துவிடுங்கன்னு போராடுற விவசாயிகளைப் பார்த்திருப்பீங்க. இங்க எங்க வயலுக்கு அந்தத் தண்ணியே வேண்டாம்னாங்க.

ரியோ வரிக்குப் பல் முளைச்சது 1996-ல. பாலாத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வேலூர் வழக்குல, அந்தக் கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்துல அடக்கம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நொய்யல் விவசாயிகளும் கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டு கழிவுகூட ஆத்துக்குப் போகக் கூடாதுன்னு 2006-ல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்னது. அப்பவும் நடக்கல. 2011 ஜனவரி 28 அன்னிக்கு எல்லாத்தையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேல பட்டறைகள். ஐ.நா. எந்த அதிகாரியையும் அனுப்பல, அதைச் சாதிச்சது ஆத்தோட கடைமடைக்காரங்க.

அப்புறம் திறந்த பட்டறைகள் பூஜ்ய வெளியேற்ற முறைக்கு வந்தாங்க. ஆர்.ஓ. போட்டு தண்ணியைப் பிரிக்கணும், மிச்சத்தைக் கொதிக்க வச்சு ஆவியாக்கி உப்பைத் திருப்பி எடுக்கணும். கரன்ட்டும் விறகும் எவ்வளவு இழுக்கும்னு நீங்களே யோசிங்க. சிலர் இதுக்குப் பயந்து, அனுமதியில்லாம வேற மாவட்டங்கள்ல பட்டறை போட்டாங்க. ஒரு சர்வர்ல மட்டும் செக்கிங் வச்சா டிராஃபிக் அடுத்த சர்வருக்குப் போகும்ல, அதே கதை.

என் கேள்வி இதுதான்: மாசுபடுத்தினது யாரு? சாயம் போட்டவர் மட்டுமா? ஐரோப்பாவுல இருக்கிற பையர் நம்ம விலையையும் வங்கதேச விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாரு. அவங்களுக்கு 2001-லருந்து அங்க இறக்குமதி வரி கிடையாது. உப்பைப் பிரிச்ச செலவுக்கு அந்த எக்செல் ஷீட்ல காலமே கிடையாது. பீஸுக்கு ஒரு ரூபா ஏத்திக் கேட்டாலும் ஆர்டர் கைமாறிடும்ங்கற பயம் இங்க எல்லாருக்கும் உண்டு.

ஜெர்மனியோட சப்ளை செயின் சட்டம் 2023-ல அமலுக்கு வந்தது. 2024-ல ஐரோப்பிய ஒன்றியமும் ஒண்ணு கொண்டு வந்து, 2025-லயே தள்ளிப் போட்டாங்க. நான் இந்தச் சட்டங்களுக்கு ஆதரவுதான். ஆனா பையர் ஒரு ஆடிட் ஃபார்மை இங்க தள்ளிவிட்டுட்டு அதே பழைய விலையைக் கேட்டா, செலவு திரும்பவும் திருப்பூர் தலையில. எவ்வளவு விலை கொடுத்தீங்கன்னும் சட்டம் கேக்கணும். ஜெர்மன் சட்டப்படி, பாதிக்கப்பட்டவங்க புகார் சொல்ல கம்பெனி ஒரு வழி வச்சிருக்கணும். அந்த வழி ஒரத்துப்பாளையத்து விவசாயிக்குத் தமிழ்ல கிடைக்குதான்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்.

அடுத்த எபிசோடுல, பிரிச்செடுத்த அந்தக் கலவை உப்பை என்ன பண்றாங்கன்னு பேசலாம்.