நல்ல இசைத்தட்டுக் கடை

ஹட்டனிலும் நானுஓயாவிலும் புகைவண்டி ஏறிக் கொழும்பு மாநகருக்குச் செல்லும் மலைநாட்டு இசையன்பர், பழைய இசைத்தட்டு விற்கும் நல்ல கடையை எங்ஙனம் அறிவது? கடையின் பகட்டைக் கண்டு மயங்கலாகாது. வணிகரின் அறிவையும் நேர்மையையுமே நோக்குதல் வேண்டும்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்குக் கலந்து செய்யப்பட்டது, விழுந்தால் உடையும். அதன் 10 அங்குலத் தட்டு, பக்கத்திற்கு ஏறக்குறைய 3 நிமிடமே பாடும். 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்த நெடுந்தட்டு வினைலால் ஆனது. பக்கத்திற்கு 20 நிமிடத்திற்கு மேலும் பாடவல்லது. இரண்டிற்கும் ஊசி வெவ்வேறு. இதனைக் கேளாமலே எடுத்துரைப்பவர் தொழிலறிந்தவர். தட்டை விளக்கொளியில் சாய்த்துக் கீறலைத் தாமே காட்டி, சுழலவிட்டுக் கேட்கவும் செய்பவர் நேர்மையாளர்.

வாங்கிய தட்டை மலைநாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பற்றாதவாறு, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். சாராவி கலந்த நீர்மத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தலாகாது, அரக்கு கரைந்துவிடும்.

லயத்து அறையின் பழம்பெட்டியில் பாட்டனார் வைத்துச் சென்ற தட்டு ஏதேனும் இருப்பின், அதனையும் அக்கடைக்கு எடுத்துச் செல்லலாம். மறுபதிப்புக் காணாத பாடல்கள் பல. கடைசித் தட்டு உடைந்தால் அக்குரலும் மறையும். "இதனை விற்காதீர்கள், வீட்டிலேயே காத்து வையுங்கள்" என்று சொல்லும் வணிகரின் கடையே நல்ல கடை.