திறமூல மேசைக்கணினி மென்பொருளின் இடர்ப்பாடுகள்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

திறமூல மென்பொருள் இணைய வழங்கிகளில் பெற்ற இடத்தை மேசைக்கணினியில் பெறவில்லை. அதற்கான காரணங்களைக் காலணி வடிவமைப்பு, தமிழ் – உருது அச்சுப்பணி, கணக்கெழுத்து ஆகிய மூன்று பணியிடங்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. ஆக்குநர் சமூகம் சரியெனக் கொள்ளும் மாற்றம், பயன்படுத்துவோர் மேல் இழப்பாகச் சென்று விழும் முறை இங்கு முதன்மையாகக் கவனிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், மேசைக்கணினி, ஆம்பூர், காலணி வடிவமைப்பு, தமிழ்க் கணிமை, நஸ்தலீக், வழு அறிக்கை

முன்னுரை

பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் நெடுங்காலமாகத் தோல் பதனிடலுக்கும் காலணி உருவாக்கத்திற்கும் பெயர் பெற்றவை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் இவ்வூர்கள் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் உள்ளன. எனினும் தொழில்வழி அவை ஒரே வட்டாரமாகவே இயங்குகின்றன. தமிழும் உருதும் தெருவில் அருகருகே ஒலிக்கும் பகுதி இது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே, கூலிக்கு மேற்பகுதி தைத்துத் தரும் சிறு கூடங்களும் உண்டு.

அத்தகைய சிறு கூடத்திற்குக் கட்டணமற்ற மென்பொருள் ஒரு பெரும் வாய்ப்பாகத் தோன்ற வேண்டும். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், 1996இல் தொடங்கிய கேடிஇ, 1997இல் தொடங்கிய ஜிநோம் ஆகியவற்றால் முழுமையான மேசைக்கணினி ஒன்றை உரிமக் கட்டணமின்றி அமைத்துக்கொள்ள இயலும். இயன்றும் அது நடைமுறையில் நிலைபெறாமைக்குப் பயனரின் அறியாமையையே காரணமாகக் கூறுவது ஆர்வலரிடையே வழக்கம். பணியிடத்தை நேர்நின்று நோக்கினால் அக்கூற்று நிற்பதில்லை.

வடிவமைப்பு மேசை

காலணி வடிவமைப்பு கட்டையிலிருந்து தொடங்குகிறது. பாத வடிவில் செய்யப்பட்ட இக்கட்டையை ஆலைகளில் ‘லாஸ்ட்’ என்றே அழைப்பர். அதன்மேல் ஒட்டுநாடாவை வரிவரியாக ஒட்டி, மையக்கோடுகளைக் குறித்து, நாடாவை உரித்துத் தட்டையான தாளில் படிய வைப்பர். வளைந்த பரப்பு தட்டையாகும்போது எங்கோ சுருங்கும், எங்கோ கிழியும். அந்தப் பிழையைப் பங்கிட்டுச் சராசரி வடிவத்தைப் பெறுவதில்தான் பேட்டர்ன் மாஸ்டரின் தேர்ச்சி உள்ளது. அதன்பின் மடிப்புக்கும் தையலுக்கும் கட்டையின் அடியில் இழுத்து ஒட்டுவதற்கும் இடம் சேர்க்கப்படும். பிறகு அளவு ஏற்றம் நடைபெறும். ஐரோப்பியச் சந்தைக்குரிய பாரிஸ் அளவில் ஒரு படி 6.67 மில்லிமீட்டர், ஆங்கில அளவில் 8.47 மில்லிமீட்டர். ஒவ்வோர் அளவின் ஒவ்வொரு துண்டுக்கும் எஃகுப் பட்டையை வளைத்து வெட்டச்சு செய்வதால், தாளில் நேரும் பிழை எஃகிலும் பிறகு தோலிலும் பதிந்துவிடும்.

இப்பணிக்கென வடிவமைக்கப்பட்ட வணிக மென்பொருள்கள் விலை மிக்கவை. கட்டற்ற மாற்றாக முதலில் நினைவுக்கு வருவது இங்க்ஸ்கேப். 2003இல் சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்த இது, வளைகோடு வரைவதில் வணிக மென்பொருளுக்குப் பெரிதும் பின்தங்கியதன்று. 2017 சனவரியில் வெளிவந்த அதன் 0.92ஆம் பதிப்பு ஓர் அடிப்படை அளவை மாற்றியது. அதுவரை ஓர் அங்குலத்திற்கு 90 படப்புள்ளிகள் எனக் கணக்கிட்டு வந்த மென்பொருள், வலைத்தரத்திற்கு இணங்க 96 எனக் கணக்கிடத் தொடங்கியது. தரநூலின்படி இது சரியான திருத்தம், முன்னிருந்ததே பிழை. ஆனால் மில்லிமீட்டரில் அளவு பதியப்படாமல் படப்புள்ளியில் மட்டும் சேமிக்கப்பட்ட பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் அப்படியே திறந்தால், 240 மில்லிமீட்டர் நீளக் கோடு 225 மில்லிமீட்டராகச் சுருங்கும். பாரிஸ் அளவில் இது இரண்டு படிகளுக்கும் மேற்பட்ட குறைவு. 40ஆம் எண் காலணியின் வரைவு ஏறத்தாழ 38ஆம் எண்ணாகிவிடும்.

ஆக்குநர்கள் இதை அறியாமல் இல்லை. பழைய கோப்பைத் திறக்கும்போது எவ்வாறு அளவு மாற்றுவது என்று கேட்கும் உரையாடல் பெட்டி ஒன்றையும் சேர்த்தனர். பெட்டியின் சொற்கள் படப்புள்ளியைப் பற்றியும் உள்ளலகு பற்றியும் பேசின. தோல் வெட்டுபவரின் வினா வேறு. திரையில் வலைப்படம் வரைவோருக்கு இம்மாற்றம் ஒரு சொடுக்கில் முடிந்த சிறு தொல்லை. உண்மை அளவில் அச்சிட்டு வெட்டுவோருக்கோ அது தோலாகவும் கூலியாகவும் கணக்கிடப்பட வேண்டியது. ஒரே மாற்றம் இருவர்மீது இருவேறு எடையில் விழுவதை ஆக்குநர் சமூகத்தின் விவாதங்கள் போதிய அளவு உணர்வதில்லை.

முப்பரிமாணப் பணிக்குரிய ஃப்ரீகேடின் வரலாறு பொறுமையைச் சோதிப்பது. 2002இல் தொடங்கிய அத்திட்டம் 1.0 என்னும் பதிப்பெண்ணை 2024 நவம்பரில்தான் எட்டியது. அதனுள் நெடுங்காலம் நிலவிய குறைபாடு ‘இடவியல் பெயரிடல் சிக்கல்’ எனப்பட்டது. மாதிரியின் ஒவ்வொரு முகத்திற்கும் விளிம்புக்கும் மென்பொருள் ஓர் எண் இடுகிறது. தொடக்க வரைவில் ஒரு கோட்டைச் சேர்த்தால் எண்கள் இடம் மாறும், முன்பு ஏழாம் விளிம்பைப் பற்றி நின்ற வளைவு இப்போது வேறொரு விளிம்பைப் பற்றிக்கொள்ளும், மாதிரி குலையும். தன்னார்வலர் ஒருவர் தனிக்கிளையில் இதற்குத் தீர்வு கண்டார். ஆயினும் அத்தீர்வு முதன்மை நிரலுடன் இணையப் பல ஆண்டுகள் பிடித்தன. பிறர் எழுதிய பெரும் நிரல்தொகுதியைச் சரிபார்த்து ஏற்பது, புதிதாக எழுதுவதினும் கடினமான, புகழற்ற வேலை. ஊதியமின்றி அதைச் செய்ய முன்வருவோர் மிகச் சிலரே.

உரிமச் சிக்கலும் உண்டு. கூடங்களுக்கிடையே வரைபடங்கள் பெரும்பாலும் டிஎக்ஸ்எஃப், டிடபிள்யூஜி வடிவங்களில் கைமாறுகின்றன. பின்னது தனியுரிமை வடிவம். அதைப் படிக்கும் லிப்ரெடிடபிள்யூஜி என்னும் கட்டற்ற நூலகத்தைக் குனு திட்டமே உருவாக்கியது. அதன் உரிமம் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. லிப்ரெகேட் வரைவு மென்பொருளின் உரிமமோ இரண்டாம் பதிப்பு. இரண்டும் கட்டற்றவை, ஒரே மரபினவை. ஆயினும் சட்டப்படி ஒன்றாகச் சேர்க்க இயலாதவை. உரிமத்தைத் தளர்த்துமாறு விடுத்த வேண்டுகோளைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்கவில்லை. லிப்ரெகேட் குழு தனக்கென வேறொரு நூலகத்தை எழுத நேர்ந்தது. இங்குக் கொள்கையின் தூய்மை காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. கோப்பைத் திறக்க முடியாமல் இருந்தவருக்கு அத்தூய்மையால் விளைந்த பயன் என்ன என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

உடை வடிவமைப்புக்குரிய வேலன்டினாவும் 2017இல் கருத்து வேறுபாட்டால் பிளவுற்றுச் சீம்லி2டி என்னும் கிளையைக் கண்டது. அவ்விரண்டும் உடலளவிலிருந்து தொடங்குவன. கட்டையின் பரப்பிலிருந்து தொடங்கும் காலணிப் பணிக்கு நேரே பொருந்துவன அல்ல.

அச்சகம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் திருமண அழைப்பிதழோ மதரசா அறிவிப்போ ஒரே தாளில் தமிழையும் உருதையும் ஏற்க வேண்டியிருக்கும். இரண்டும் கணினிக்கு எளிய எழுத்துகள் அல்ல. தமிழில் ‘கொ’ என்பது ஒருங்குறியில் ககரமும் ஒரே உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். உருதின் நஸ்தலீக் எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வதோடு, ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து சரிந்து இறங்குகிறது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 முதல் வெளிவரும் ‘முசல்மான்’ நாளிதழ் கையெழுத்தாலேயே பெயர் பெற்றது. அந்த எழுத்தின் அழகையும் அச்சுக்கோப்பதில் அதற்குள்ள கடுமையையும் ஒருசேர உணர்த்தும் சான்று அது.

அச்சகங்கள் நெடுநாள் பயன்படுத்திய பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அது ஒருங்குறியை அறியாது. ஆதலால் தமிழுக்குப் பாமினி, வானவில் போன்ற பழைய குறிமுறை எழுத்துருக்களும், உருதுக்கு 1994இல் தோன்றிய இன்பேஜ் மென்பொருளும் வேரூன்றின. கட்டற்ற மாற்றான ஸ்கிரைபஸ் 2012இல் 1.4 என்னும் நிலைத்த பதிப்பை வெளியிட்டது. அதில் சிக்கலான எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பொறி இல்லை. ஒருங்குறித் தமிழின் உயிர்க்குறிகள் இடம் பிறழ்ந்தன. நூற்றாண்டுக் கணக்கில் அச்சு மரபுடைய ஒரு மொழியை, அச்சுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அச்சிட இயலவில்லை.

இக்குறை அரபு எழுத்தின் தேவை காரணமாக ஓமன் நாட்டுக் குழு ஒன்றின் முயற்சியால் நீங்கியது. ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற பொறியைப் பொருத்தி அவர்கள் செய்த பணி, 2017இன் 1.5.3 பதிப்பில் இடம்பெற்றது. அரபுக்காகச் செய்ததால் உருதும் தமிழும் பயன் பெற்றன. ஆயினும் 1.5 வரிசை ‘வளர்நிலைப் பதிப்பு’ என்னும் எச்சரிக்கையோடு வந்தது. நிலைத்த 1.6 பதிப்பு 2024இல்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஏழாண்டுகளில் அச்சகத்தாருக்கு இருந்த தெரிவு இரண்டே: தமிழ் தெரியாத நிலைத்த பதிப்பு, அல்லது நம்ப வேண்டாமென ஆக்குநரே சொன்ன, தமிழ் தெரிந்த பதிப்பு.

நஸ்தலீக்கிற்குக் கூகுளின் நோட்டோ நஸ்தலீக் உருது 2014இலும், எஸ்ஐஎல் அமைப்பின் அவாமி நஸ்தலீக் 2017இலும் கட்டற்றனவாக வெளிவந்தன. பின்னது கிராஃபைட் என்னும் தனிநுட்பத்தைச் சார்ந்தது. லிப்ரெஆபிசிலும் ஃபயர்ஃபாக்சிலும் அது செவ்வனே தோன்றும். அந்நுட்பத்தை ஏற்காத குரோமில் தோன்றாது. எழுத்துரு கட்டற்றது என்பதால் எங்கும் இயங்கும் என எண்ணிய பயனர் இங்கு ஏமாற்றமடைகிறார்.

அலுவலக அறை

கணக்கறையின் நிலை சுருங்கக் கூறத்தக்கது. சிறு நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டேலி விண்டோசுக்கு உரியது. 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு – சேவை வரியின் இணையமில்லாக் கருவியும் விண்டோசையும் எக்செலையும் கருதியே எழுதப்பட்டது. க்னுகாத்தா என்னும் கட்டற்ற கணக்கு மென்பொருள் இந்தியாவிலேயே உருவானதுதான். ஆனால் தணிக்கையாளர் கேட்பது டேலிக் கோப்பையே.

அச்சுப்பொறியின் கதையில் ஒரு முரண் உள்ளது. எம்ஐடி ஆய்வகத்தில் ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரல் மறுக்கப்பட்டதையே தம் இயக்கத்தின் தூண்டுகோல்களுள் ஒன்றாக ஸ்டால்மன் கூறிவந்துள்ளார். இந்திய அலுவலகங்களில் நெடுங்காலமாகக் காணப்படும் கேனான் எல்பிபி2900 அச்சுப்பொறி, லினக்சில் இன்றும் அதே வினாவை எழுப்புகிறது. அதன் தகவல்மரபு வெளியிடப்படாதது. நிறுவனம் தந்த இயக்கியின் பகுதிகள் 32 பிட்டு மூடிய நிரல்களாக இருந்ததால் 64 பிட்டு இயங்குதளத்தில் கூடுதல் நூலகங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். இங்குக் குற்றம் திறமூலச் சமூகத்தினதன்று. ஆனால் விலைப்பட்டியல் அச்சாகாத காலைப்பொழுதில் அந்த வேறுபாடு எவருக்கும் பொருட்டாவதில்லை.

அரசின் முயற்சி இதைத் தீர்க்கவில்லை. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் இருவழித் தொடக்கமாக வழங்கப்பட்டது. மாணவர் கையில் இரு வழிகள் இருந்தன. அவர் பின்னர் வேலைக்குச் சேரும் கணக்கறையிலோ வடிவமைப்பு மேசையிலோ ஒரு வழியே இருந்தது.

சமூகமும் முறையீடும்

மென்பொருளில் குறை கண்டால் வழு அறிக்கை அளிக்குமாறு சமூகம் கேட்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில் அமைய வேண்டும். பதிப்பெண், மீளுருவாக்கும் படிகள், பதிவுக்கோப்பு ஆகியவை வேண்டும். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் அறிக்கை ஆண்டுக்கணக்கில் கிடந்து, புதிய பதிப்பு வந்ததும் ‘அதில் சோதித்துச் சொல்லுங்கள்’ என்னும் குறிப்போடு மூடப்படுவதும் உண்டு. மோசில்லாவின் தொடக்ககால ஆக்குநர் ஜேமி ஜவின்ஸ்கி 2003இல் ஜிநோமைக் குறித்து இதே குறையை எள்ளலுடன் எழுதினார்: பழைய குறைகளைத் திருத்துவது சலிப்பூட்டுவதால், அனைத்தையும் புதிதாக எழுதி, பழைய முறையீடுகளை ஒருசேரத் தள்ளிவிடுகின்றனர் என்பது அவர் வாதம். 2008இன் கேடிஇ 4.0, 2011இன் ஜிநோம் 3 ஆகியவை பயனரிடையே எழுப்பிய சினம் அவ்வாதத்திற்கு வலுச் சேர்த்தது. ஜிநோம் 3ஐ ஏற்காதோர் பழைய முகப்பை மேட்டே என்னும் கிளையாகக் காத்தனர்.

தமிழில் இதற்கு இடைநிலையாளர்கள் உள்ளனர். 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. இவர்களின் உழைப்பு பெரிதும் கற்பித்தலையும் மொழிபெயர்ப்பையும் சார்ந்தது. ‘கோப்பு’, ‘சேமி’ எனப் பட்டிகள் தமிழாயின. ஆனால் பேட்டர்ன் மாஸ்டரின் முறையீட்டை ஆக்குநரிடம் கொண்டு சேர்ப்பது வேறு வகைப் பணி. அதற்குக் கட்டை, மடிப்பு இடம், அளவு ஏற்றம் ஆகியவற்றை அறிந்த ஒருவர் வேண்டும். இங்க்ஸ்கேப் நேர்வில் அம்முறையீடு நீண்டதாகவும் இருந்திருக்க வேண்டியதில்லை: வரைவின் மூலையில் 100 மில்லிமீட்டர்ச் சோதனைக்கோடு ஒன்று, பழைய பதிப்பில் எடுத்த அச்சு, புதிய பதிப்பில் எடுத்த அச்சு, இரண்டாவதில் அளவுகோல் காட்டும் 93.75 என்னும் எண்.