யார் சொல்றதைக் கேட்பது? உளவியல் பிஎச்டி அட்மிஷன் பற்றிச் சில குறிப்புகள்

அக்கா பொண்ணு அமெரிக்காவில் உளவியல் இளங்கலை கடைசி வருடம் படிக்கிறாள். கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்டிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கெடு டிசம்பரில். மூன்று பேரிடம் யோசனை கேட்டுக் குழம்பிப்போய் எனக்கு போன் பண்ணினாள்.

பேராசிரியர்: "ஆராய்ச்சி அனுபவம் பத்தாது. ரெண்டு வருஷம் லேபில் வேலை பார்த்துட்டு வா."
சீனியர்: "என் மார்க் உன்னோடதைவிடக் கம்மி. எனக்கே கிடைச்சுது, தைரியமா போடு."
தோழி: "டாக்டர் ஆஃப் சைக்காலஜி சேர்ந்துடு, ஈஸி."

"யார் சொல்றது சரி சித்தி?"

யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சீனியரை எடுத்துக்கொள்வோம். மார்க் குறைவாக இருந்தும் இடம் கிடைத்தவரிடம் வேறு ஏதோ ஒன்று பலமாக இருந்திருக்கும். அதனால் உள்ளே வந்தவர்களை மட்டும் பார்த்தால் மார்க்குக்கு மதிப்பே இல்லை என்று தோன்றும். ராபின் டாஸ் 1975-லேயே இதை விளக்கியிருக்கிறார். அதே மார்க்கோடு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்கள் யாரும் நமக்கு போன் பண்ணி யோசனை சொல்வதில்லை.

பேராசிரியர் விஷயம் சுவாரசியமானது. ஒரேகான் பல்கலைக்கழக உளவியல் துறையின் சேர்க்கையை டாஸ் 1971-இல் ஆராய்ந்தார். மாணவர்கள் பின்னால் எப்படிப் படிப்பார்கள் என்பதைத் தேர்வுக் குழுவின் மதிப்பீட்டைவிட, மார்க் போன்ற சில எண்களைக் கூட்டிய எளிய சூத்திரமே நன்றாகக் கணித்தது. ஆகவே, தேர்வுக் குழு எதையெல்லாம் பார்க்கும் என்று பேராசிரியர் சொன்னால் நம்பலாம். "உனக்குக் கிடைக்காது" என்றால் அவ்வளவு நம்ப வேண்டியதில்லை.

தோழி சொன்னதும் பாதி உண்மை. அந்தப் படிப்பில் பொதுவாக இடங்கள் அதிகம். ஆனால் பிஎச்டியில் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. அங்கே பெரும்பாலும் கைக்காசு, இல்லாவிட்டால் கடன். உள்ளே போவது ஈஸி, கடன் அடைப்பது ஈஸி இல்லை.

அப்போ என்ன செய்வது? முதலில் அடிப்படை விகிதம். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1973-இல் காட்டியது இதைத்தான்: ஒருவரைப் பற்றிய வர்ணனை கையில் கிடைத்ததும் நாம் மொத்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற துறைகள் படிப்பை முடிக்க ஆகும் காலம், செலவு, இடையில் விட்டுப் போனவர்கள், உரிமம் பெற்றவர்கள் எல்லாவற்றையும் வெளியிட்டாக வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள் என்பதையும் பல துறைகள் போடுகின்றன. உதாரணத்துக்கு 200 பேரில் 10 பேருக்கு இடம் என்றால் 5 சதவீதம். அங்கிருந்து தொடங்கி, உன் பலத்துக்கும் பலவீனத்துக்கும் ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்.

பத்து இடத்துக்குப் போட்டால் அது 50 சதவீதம் ஆகிவிடாது. விண்ணப்பத்தில் ஓட்டை இருந்தால் பத்து இடத்துக்கும் அதே ஓட்டைதான் போகும்.

இன்னொன்று, பல இடங்களில் மாணவரை ஒரு குறிப்பிட்ட பேராசிரியர்தான் எடுக்கிறார். அவர் இந்த வருடம் ஆள் எடுக்கவில்லை என்றால் எவ்வளவு மார்க் இருந்தும் பிரயோஜனமில்லை.

அன்று ராத்திரியே பட்டியல் போட்டாள். பன்னிரண்டில் நான்கு பேராசிரியர்கள் இந்த வருடம் ஆள் எடுக்கவில்லை. மிச்சம் எட்டுக்கு விண்ணப்பம், கூடவே லேப் வேலைக்கும் மனு. கிடைக்குமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் அடுத்த வருடம் சும்மா இருக்க மாட்டாள் என்பது மட்டும் தெரியும்.